எதிர் அணி கூப்பிடும் பெயர்

ஏழாம் வகுப்பில் ‘மெல்லக் கற்போர்’ யார் யார்? அடுத்த வெள்ளிக்குள் பட்டியல் வேண்டும் என்றார் தலைமையாசிரியர். பெயர் இருப்பவர்களுக்குத் தனி அறை.

பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவி இளவேனில், முதல் பெயரை எழுதினாள். ஜெசிந்தா. பென்சிலால்தான்.

கணக்கு டீச்சர் சபீனா அவளைவிட ஐந்தே வயது மூத்தவர். அவர் வகுப்பில் புளியங்கொட்டை ஆட்டம். ஒரு பக்கம் தேய்த்த கொட்டைகள். வெள்ளை விழுந்தால் பிளஸ் ஒன்று, கறுப்பு விழுந்தால் மைனஸ் ஒன்று. முதலில் ஐந்து கொட்டை, அடுத்து நான்கு கொட்டை உருட்டி, இரண்டையும் கூட்ட வேண்டும். விடையை யார் சொல்வது என்பதை எதிர் அணிதான் முடிவு செய்யும்.

எதிர் அணி தினமும் ஒரே பெயரைத்தான் சொன்னது.

“ஜெசிந்தா!”

“மைனஸ் மூணு, மைனஸ் ரெண்டு… மைனஸும் மைனஸும் பிளஸ். அஞ்சு!”

வகுப்பே சிரித்தது. புள்ளி போனது. அவள் அணியின் நூர்ஜஹான் தலையில் அடித்துக்கொண்டாள்.

இளவேனிலுக்குப் பொறுக்கவில்லை. “இது விளையாட்டா மேடம்? ஒரு பிள்ளையை நிக்க வச்சு தினமும் சிரிக்கிறாங்க. விதியை மாத்துங்க.”

“மாத்தினா?”

“நூர்ஜஹான் சொல்லுவா. அணி ஜெயிக்கும்.”

“ஜெசிந்தா?”

“அவ நிம்மதியா இருப்பா.”

“தனி அறையிலயா?”

இளவேனில் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள். கோபம் மட்டும் போகவில்லை.

மறுநாள் சத்துணவு நேரம். மாடிப்படியில் நூர்ஜஹானின் குரல்.

“இதுதான் பூஜ்யம். மூணு படி எறங்கு. இன்னும் ரெண்டு. இப்ப மேல இருக்கியா, கீழயா?”

“கீழடி.”

“அப்புறம் பிளஸ் எங்கேருந்துடி வந்துச்சு?”

ஜெசிந்தா அப்படியே நின்றாள். “ஐயோ! பெருக்கலுக்குச் சொன்னதக் கொண்டாந்து இங்க போட்டுட்டேன்!”

அதன்பின் தினமும் படிதான். அவர்கள் அணியின் நான்கு பேரும் ஏறினார்கள், இறங்கினார்கள், சண்டை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. இரு அணிகளும் சமம். கடைசி உருட்டு. எதிர் அணி தலைகளைச் சேர்த்துக்கொண்டு கிசுகிசுத்தது.

“ஜெசிந்தா வேணாம்டா. நேத்தே சரியாச் சொன்னா, இன்னிக்கும் சொல்லிருவா.”

பிறகு உரக்க: “நூர்ஜஹான்!”

பாதி எழுந்திருந்த ஜெசிந்தா இடுப்பில் கைவைத்தாள். “ஏன், என்னைக் கூப்பிட பயமா?”

வகுப்பு மறுபடி சிரித்தது. இந்த முறை அவளும் சேர்ந்து.

இளவேனில் பட்டியலை எடுத்தாள். ரப்பரைத் தேடினாள்.

“மேடம், ஜெசிந்தா பேரை அழிச்சிடட்டுமா?”

சபீனா டீச்சர் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

“எதிர் அணி அழிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா.”