இனிப்பு தராதவருக்கு உள்ளே இடமில்லை

பொன்னரங்க ராசாவுக்குக் கருப்பட்டிப் பணியாரம் என்றால் உயிர். தட்டு காலியாகும் வரை ராஜ்ய விவகாரம் எல்லாம் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் கருப்பட்டி அவருடைய சொந்தப் பனங்காட்டில் காய்ச்சியது. கோட்டைக்குத் தெற்கே, முள்வேலி போட்ட பெரிய காடு. பனைகளுக்கு நடுவே இலந்தையும் நொச்சியும் காரைச்செடியும் இஷ்டத்துக்கு வளர்ந்து கிடக்கும். பனையில் பதநீர்க் கலயம் தொங்கும், புதரில் குருவிக்கூடு தொங்கும். விடிந்ததும் மாங்குயிலும் சின்னானும் தேன்சிட்டும் சேர்ந்து ஒரு கச்சேரி வைக்கும் பாருங்கள், அதைக் கேட்காவிட்டால் ராசாவுக்கு அன்றைய பொழுதே சரிப்படாது.

ஒருநாள் ராசா பணியாரத்தில் மூழ்கியிருந்த நேரமாகப் பார்த்து, சரக்கறை அதிகாரி மாறநம்பி மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார்.

“மன்னா, நம் பனங்காட்டில் பாதி வெறும் புதர். பனைக்குப் போக வேண்டிய தண்ணீரை அது குடிக்கிறது. போதாததற்கு, புதரில் இருக்கிற பறவைகள் கலயத்தில் மூக்கை விட்டுப் பதநீரைக் குடிக்கின்றன. எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினால் பதநீர் இரண்டு மடங்கு. பணியாரமும் இரண்டு மடங்கு!”

இரண்டு மடங்கு பணியாரம் என்றதும் ராசா கண்ணை மூடிக்கொண்டார். வாயில் இருந்ததை விழுங்காமலே ஆணை போட்டார்.

“இனிப்பு தராத எதுவும் நாளை முதல் என் பனங்காட்டுக்குள் இருக்கக் கூடாது!”

அவையில் இருந்த ஆவுடையான் பதறிப்போனான். ராசாவுக்கு ஆலோசனை சொல்வதும், அவ்வப்போது சிரிக்க வைப்பதும் அவன் வேலை.

“மன்னா, புதர் போனால் பறவை போய்விடும். பறவை போனால் பனையின் குருத்தைத் துளைக்கிற வண்டை யார் பிடிப்பார்கள்? கொஞ்சம் யோசித்து...”

“போட்ட ஆணை போட்டதுதான்! அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்” என்றார் ராசா.

மாறநம்பிக்கு வாயெல்லாம் பல். “ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை ஆவுடையானிடமே கொடுங்கள் மன்னா. அப்போதுதான் நாளைக்குக் குறை சொல்ல மாட்டார்” என்று குத்தலாகச் சொன்னார்.

“அப்படியே ஆகட்டும்!”

தன் கையாலேயே அந்தக் காட்டை அழிப்பதா? ஆவுடையான், ராசா சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தான். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு துடித்தது.

“உத்தரவு மன்னா. ஓர் எழுத்தும் மாறாது.”

மறுநாள் காலை மாறநம்பி வெட்டுகிற ஆட்களோடும் வண்டிகளோடும் பனங்காட்டு வாசலுக்கு வந்தார். ஆவுடையான் வேலிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். காவலர் இருவர் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள்.

“ஐயா இனிப்பு தருவீர்களா?” என்று கேட்டான் ஆவுடையான்.

“என்னது?”

“இனிப்பு தராத எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அரசாணை.”

“யோவ், நான் புதர் வெட்ட வந்திருக்கிறேன்!”

“வெட்டுங்கள், நன்றாக வெட்டுங்கள். கோடரி இனிப்பு தருமா?”

“கோடரி எப்படி ஐயா இனிப்பு தரும்?”

“அப்படியானால் அதையும் வெளியே வையுங்கள்.”

பனையேறிகள் மட்டும் கலயத்தோடு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். அவர்கள் கையால் பதநீர் இறங்குகிறதே, யார் தடுப்பார்கள்? மாறநம்பி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கையில் ராசாவே உலாவ வந்துவிட்டார். அவர் முன்னாலும் ஈட்டி குறுக்கே வந்தது. காவலர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனாலும் ஈட்டியை எடுக்கவில்லை.

“என் காட்டுக்குள் நானே போகக் கூடாதா?”

ஆவுடையான் எழுந்து பணிவாகக் கும்பிட்டான். “மன்னா, உங்கள் தலையில் பாளை சீவினால் பதநீர் சுரக்குமா?”

“அடேய்! காலையில்தான் பணியாரம் சாப்பிட்டு வந்தேன். வயிறு முழுக்க இனிப்பு!”

“அது வாங்கிக்கொண்ட இனிப்பு மன்னா. தருகிற இனிப்பைத்தான் ஆணை கேட்கிறது. பாருங்கள், நானும் வெளியேதான் நிற்கிறேன்.”

அந்த நேரம் பார்த்து உள்ளே காரைப் புதரிலிருந்து ஒரு மாங்குயில் குரல் கொடுத்தது. ராசா கோபத்தை மறந்தார். “அடடா, என்ன இனிமை!” என்றார்.

“பறவை இனிப்பு தருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்” என்றான் ஆவுடையான். “அதற்கு உள்ளே இருக்க உரிமை உண்டு. அது குடியிருக்கிற புதரை வெட்டிவிட்டு அதை எங்கே இருக்கச் சொல்வது?”

ராசா தாடியை நீவினார். அப்போதுதான் அவர் கண்ணில் வண்டிகள் பட்டன. “இத்தனை வண்டி எதற்கு?” என்று ஒரு வண்டிக்காரனைக் கேட்டார்.

“வெட்டுகிற விறகை ஏற்றத்தான் சாமி. மாறநம்பி ஐயாவோட சொந்தச் சுண்ணாம்புக் காளவாய்ல எரிக்கப் போகுது.”

மாறநம்பியின் முகம் சுண்ணாம்பைவிட வெளுத்தது. அவரை முறைத்துப் பார்த்த ராசா, ஆவுடையான் பக்கம் திரும்பினார்.

“சரியப்பா, தோற்றேன். நான் உள்ளே போக என்ன வழி?”

“ஓர் இனிய சொல் போதும் மன்னா.”

ராசாவுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னார்: “பதநீர் இறங்கட்டும். புதரும் இருக்கட்டும். கூடு இருக்கிற கிளையை யாரும் தொடக் கூடாது. ஆவுடையானுக்கு என் முத்துமாலை!”

மாலை கழுத்துக்கு வந்தது. ஈட்டிகள் விலகின. ராசா உள்ளே போனார், “நல்ல தீர்ப்பு மன்னா” என்று தன் பங்குக்கு ஓர் இனிய சொல் சொல்லிவிட்டு ஆவுடையானும் பின்னால் நுழைந்தான்.

மாறநம்பி ஓடி வந்தார். “நானும் சொல்கிறேன்! மன்னர் என் தெய்வம்! ஆவுடையார் அறிவுக்கடல்! இந்தப் பறவைகள் என் கூடப் பிறந்தவை! நான் உள்ளே வரலாமா?”

ஆவுடையான் காவலர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“விடாதீர்கள். இவர் தருவது திகட்டுகிறது!”

ராசா சிரித்த சிரிப்பில், பனை மேலிருந்த பனையேறிகளும் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள்.