மேனேஜர் அழிக்கச் சொன்ன குப்பை

தீப்பெட்டிக் கம்பெனி மேனேஜர் கோதண்டபாணிக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கம்ப்யூட்டர் உட்பட. ஒருநாள் ஆபரேட்டர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டரெல்லாம் ஆமை மாதிரி நகருது. ஒரு வருஷமா யாரும் தொடாத பதிவெல்லாம் குப்பை. ரெஜிஸ்ட்ரியில இருக்கற பேர்லேர்ந்து ஃபைல் வரைக்கும் சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடு. ஒண்ணு மிஞ்சினாலும் உனக்கு வேலை கிடையாது."

"முதல்ல பேக்கப் எடுத்துக்கறேன் சார்."

"பயந்தாங்கொள்ளிதான் பேக்கப் எடுப்பான்."

"அப்ப அழிக்கச் சொன்னதை எழுதிக் கொடுத்துடுங்க சார்."

பச்சை மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் முதலாளி வந்தார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோதண்டபாணி தன் கம்ப்யூட்டரைத் திறக்கப் பார்த்தார். கோதண்டபாணி என்று ஒரு பேரே பதிவில் இல்லை என அது சொல்லிவிட்டது.

"என்னம்மா இது?" முதலாளி செண்பகவல்லியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

செண்பகவல்லி பச்சை மைக் காகிதத்தை முதலாளியிடம் நீட்டினாள். "ஒரு வருஷமா தொடாததை அழிக்கச் சொன்னாருங்க ஐயா. சார் பேர்ல கடைசியா உள்ள போய் மூணு வருஷம் ஆச்சு."

முதலாளி கீபோர்டைப் பார்த்தார். போன ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கலையாமல் காய்ந்திருந்தது.

"பேக்கப் ஏதாவது இருக்காம்மா?" கோதண்டபாணியின் குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"பயந்தாங்கொள்ளிகிட்ட இருக்கு சார்" என்று செண்பகவல்லி கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள்.