இருவாச்சிச் சிறகின் இரைச்சல்

மரமும் பறவையும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டில் பழம் தின்ன ஒரு கட்டுப்பாடு இருந்தது. சதையைத் தின்னலாம், கொட்டையைத் தாய்மரத்தின் காலடியிலேயே போட்டுவிட வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள எந்தத் தாய்க்குத்தான் ஆசையிருக்காது? ஆனால் அந்த அடர்ந்த நிழலில் ஒன்றுமே முளைக்கவில்லை. "இருட்டா இருக்கு" என்று முணுமுணுத்தபடியே கொட்டைகள் மக்கிப்போயின. பறவைகள் காதில் விழாதது போலத் தின்றுவிட்டுப் போயின. மரங்களுக்கோ அது கேட்கவே இல்லை. கீழே குனிந்தால்தானே?

காரையன் என்ற இருவாச்சிப் பறவையும் நமக்கென்ன வந்தது என்றுதான் இருந்தான். அவன் மனைவி வெள்ளச்சி ஒரு கிழட்டுக் குங்கிலிய மரத்தின் பொந்தில் முட்டையிட்டு, வாசலை மண்ணால் குறுக்கிக்கொண்டு உள்ளேயே அடைந்திருந்தாள். குஞ்சு பொரித்த அன்று அடைமழை. பசியில் குஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே வர, காரையன் பதறிப்போனான். அதே மரத்தின் பழங்களை அவசர அவசரமாக அள்ளியவன், ஒன்றைக் கொட்டையோடு விழுங்கிவிட்டான்.

வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாமா, என்னை அம்மாகிட்ட விட்டுறாதீங்க."

அதற்குள் மரத்துக்குத் தெரிந்துவிட்டது. பட்டையிலிருந்து கறுப்பாகப் பிசின் கசிந்து, பொந்தின் வாசலை மெல்ல மூடத் தொடங்கியது.

"எம் புள்ள உன் வயித்துல இருக்கு. கக்கு," என்றது மரம்.

வாசல் சிறுத்துக்கொண்டே வருகிறது என்று வெள்ளச்சி உள்ளிருந்து கதறினாள். கக்கிவிடத்தான் காரையன் வாயைத் திறந்தான். வயிற்றுக்குள் இருந்த கொட்டை அழவில்லை, பேசாமல் காத்திருந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

"கக்குறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க. காலடியில இத்தனை வச்சிருக்கீங்களே, இதுல உசுரோட எத்தனை இருக்கு?"

மரம் முதன்முறையாகக் குனிந்து பார்த்தது. கறுத்த ஓடுகள் குவிந்து கிடந்தன. எங்கோ அடியிலிருந்து ஒரே ஒரு குரல் "இருட்டா இருக்கு" என்றது. பிறகு அதுவும் நின்றுபோனது.

பிசின் அப்படியே உறைந்தது. வாசலில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சமிருந்தது.

மரம் பேசியது. "கொண்டு போ. வெளிச்சம் விழுற இடமாப் பாத்து விடு. அவ்வளவு தூரம் எனக்குக் கண்ணு எட்டாது. நீ எந்தப் பக்கம் கொண்டு போறேன்னு எனக்குக் கேக்குற மாதிரி பற."

அன்று முதல்தான் இருவாச்சி பழத்தைக் கொட்டையோடு விழுங்கித் தொலைவில் கொண்டுபோய் விடுகிறது; அதன் சிறகும் காடே கேட்கும்படி இரைகிறது. அந்த இரைச்சல் தேய்ந்து மறையும்வரை குங்கிலிய மரத்தில் ஓர் இலைகூட அசைவதில்லை.