கிளிஞ்சல் கணக்கு

கடற்கரையூர்க் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி வந்தார் செண்பகவடிவு அம்மையார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். முதலாண்டு மாணவிகளுக்கு நடத்தும் கணக்குகளைத் தொட்டியடியில் நின்றபடியே கேட்டு, பழைய தாளில் போட்டுப் பார்ப்பார். 'சிவசிவ' என்று எழுதி, கொடுத்தது இது, கேட்டது இது என்று முதலில் பிரித்துக்கொள்வார். தப்பும் தவறுமாய் நூறு கணக்குப் போட்டபின் கை பழகியது. "குடுவை கழுவுறவளுக்கு மோல் கணக்கு கேக்குதோ?" என்று சிரித்தவர்கள் உண்டு. அம்மையாரும் கூடவே சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

மாலையில் கிளிஞ்சல் பொறுக்குவார். சிவன் கோயில் விமானத்துக்குத் அதைத் தாமே சுட்டெடுத்த சுண்ணாம்பைப் பூசவேண்டும் என்பது அவர் ஆசை. ஐம்பது கிலோ சேர்ந்ததும் திருப்பணித் தலைவர் பால்வண்ணம் வந்து நிறுத்துப் பார்த்தார். தம் நிழலையே நம்பாத மனிதர் அவர்.

"அம்பது கிலோ சூளைக்குள்ள போகுது. அம்பதும் வெளிய வரணும்."

"வராது அண்ணாச்சி. சுடும்போது பாதிக்குக் கொஞ்சம் கொறைய காத்தாப் போயிரும்."

"காத்தாவா? நல்ல கதை! எவ்வளவு மிஞ்சும்னு இப்பவே சொல்லு. பிசகுச்சுன்னா நீ களவாண்டேன்னுதான் அர்த்தம். அப்புறம் கோயில் வேலைப் பக்கமே வரப்படாது."

அம்மையார் குனிந்தார். கரித்துண்டை எடுத்துத் தரையில் எழுதினார். நூறு பங்கு கிளிஞ்சலில் நாற்பத்து நான்கு பங்கு வாயு. ஐம்பது கிலோவில் இருபத்திரண்டு. "இருபத்தி..." என்று வாயெடுத்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அது காற்றாய்ப் போவதன் எடை. தலைவர் கேட்டதோ மிஞ்சுவதன் எடை. மாணவிகள் வழுக்கி விழும் இடத்தில்தான் அவரும் வழுக்கப் பார்த்தார்.

"இருபத்தெட்டு கிலோ, அண்ணாச்சி."

சூளை மூட்டப்பட்டது. பால்வண்ணம் யாரையும் அண்டவிடாமல் தாமே காவல் இருந்தார். மறுநாள் நடுப்பகலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். நீறு பூசிய கிழவர் ஒருவர் கனவில் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"ஏ பால்வண்ணம், அவ கணக்க நான் ரெண்டு தடவ சரிபாத்துட்டேன். நீ எதுக்குய்யா வெயில்ல காயுத?"

விழித்தவர் சுற்றிலும் தேடினார்; யாரும் இல்லை. சூளை ஆறியதும் சாம்பலை அரித்து நீக்கிச் சுண்ணாம்பைத் தராசில் ஏற்றினார்கள். முள் இருபத்தெட்டில் நின்றது. பால்வண்ணம் தோள்துண்டை இடுப்பில் கட்டி, கனவைச் சொல்லிக் கைகூப்பினார். "அம்மா, விமானத்துல முதல் பூச்சு நீங்கதான் பூசணும்" என்றார். அம்மையார் அழுதார், சிரித்தார், சுண்ணாம்பை நீற்றிக் கரைத்து, பூச்சு மட்டையோடு சாரம் ஏறினார்.

பிழையைத் தாமே கண்டு தாமே திருத்தி, அரன் நெஞ்சில் இடம்பிடித்த அந்த அம்மையாருக்கு நம் வணக்கம்.