மூடிய அச்சுப்பெட்டி

நஞ்சப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவனுடைய குரு பூங்கோதைக்கு முப்பத்தாறு. இரும்பு உருக்கி வார்க்கும் வேலையை அவளிடம்தான் கற்றான். அவளை அவன் அம்மிணி என்பான். அவள் அவனை அண்ணா என்பாள்.

அன்று விஜயதசமி. பூஜை முடிந்து உலையை மூட்டியிருந்தார்கள். நஞ்சப்பன் இரும்பு ஊற்றுகிறவர்களுக்குத் தலைவனாகி அதுதான் முதல் நாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். விஜயதசமியன்று நாள் முழுக்க இரும்பை வெறுங்காலோடுதான் ஊற்றுவார்கள். சந்தனம் பூசிய உலை அன்றைக்குச் சாமி. வாசலில் ஒன்பது ஜோடி பூட்ஸ் வரிசையாக நின்றது. உள்ளே ஒன்பது பேர் வெறுங்காலோடு நின்றார்கள். பத்தாவது பூங்கோதை. அவள் மட்டும் பூட்ஸைக் கழற்றவில்லை.

“அம்மிணி, சாமி முன்னால பூட்ஸ் போட்டுட்டு நிக்கலாமுங்களா?” என்று கேட்டான் நஞ்சப்பன்.

அவள் ஓர் அச்சுப்பெட்டியை இழுத்தாள். பெட்டியில் ஈர மண்ணை நிரப்பித் தட்டிச் சமன் செய்தாள்.

“வலது காலை இதுல வைங்கண்ணா.”

வைத்தான். ஜில்லென்று இருந்தது. எடுத்தபோது ஐந்து விரலும், குதிகால் வெடிப்பும்கூட மண்ணில் பதிந்திருந்தன.

“தலைவரானதும் காலுக்குச் சிலையா?” என்றான் ஒருவன்.

“மாலையை யாரு போடறது?” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பூங்கோதை மேல்பெட்டியால் அச்சை மூடினாள். பதம் பார்க்க எடுத்த சின்னக் கரண்டி இரும்பைத் துளை வழியே ஊற்றினாள். உள்ளே களகளவென்று ஒரு சத்தம். யாரோ தண்ணீர் குடிப்பது போல. நஞ்சப்பனுக்கு வலது கால் மட்டும் சுட்டது. குனிந்து பார்த்தான். காலடியில் ஒன்றுமில்லை.

அவள் மண் குவியலுக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்து பிரித்தாள். இரும்புப் பாதம். பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை. அந்த இடம் மழுங்கிக் கிடந்தது.

“இது யாரு காலுங்க?”

“மாரப்பன் காலு.”

மாரப்பனை எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் இதே நாளில் வெறுங்காலில் கொதிக்கும் இரும்பு சிந்தி இரண்டு விரல் போய், இப்போது பட்டறை கேட்டில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டு கொடுக்கிறான்.

“அடிபட்டப்புறம் எடுத்ததுங்களா?”

“அன்னிக்குக் காலையில எடுத்தது.”

“அவனுக்கு அடிபட்டது சாயங்காலமுங்களே!”

“ஆமாங்கண்ணா. மண்ணுல கால் வெச்சப்ப அஞ்சு விரல் இருந்துச்சு. இரும்புல மூணுதான் விழுந்துச்சு.”

“அவங்கிட்டச் சொல்லலீங்களா?”

“காட்டினேன். சிரிச்சான்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“என்னோடது எத்தனை விழுந்திருக்குமுங்க?”

“ஆறட்டும். உடைச்சாத் தெரியும்.”

நஞ்சப்பன் பெட்டியைப் பார்த்தான். துளையில் சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள்ளே தன் கால், தனக்கு முன்னால் எதையோ தெரிந்துகொண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது. வீட்டில் மனைவி அன்று காலையில்தான் குதிகால் வெடிப்புக்கு மஞ்சள் குழைத்துத் தடவியிருந்தாள்.

“அண்ணா, இரும்பு காத்துட்டிருக்காது. ஊத்தலாமுங்களா?” என்று கிரேன்காரன் மேலிருந்து கத்தினான்.

“நில்லு!” நஞ்சப்பனின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “எல்லாரும் போய் பூட்ஸப் போட்டுட்டு வாங்க.”

“சாமி கோவிச்சுக்குமுங்கண்ணா” என்றான் ஒருவன்.

“கோவிச்சா எங்கிட்டக் கோவிச்சுக்கட்டும். போடறியா, வீட்டுக்குப் போறியா?”

முனகிக்கொண்டே போட்டு வந்தார்கள். ஊற்றினார்கள். மூன்றாவது அச்சு நிரம்பும்போது கிரேனில் தொங்கிய இரும்புக் கொப்பரை லேசாக ஆடியது. ஒரு உள்ளங்கையளவு இரும்பு விழுந்து தெறித்தது. நஞ்சப்பனின் வலது பூட்ஸின் முனையில் தோல் புகைந்து பொசுங்கியது. உள்ளே விரல்களைக் காக்கும் எஃகுக் கவசம் தெரிந்தது. அவன் உள்ளே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். ஐந்தும் மடங்கின.

வேலை முடிந்ததும் நேரே பூங்கோதையிடம் போனான். பெட்டி மூடியபடியே இருந்தது. தொட்டான். ஆறிச் சில்லிட்டிருந்தது.

“எத்தனை விரலுங்க, அம்மிணி?”

பூங்கோதை பெட்டியை இழுத்துச் சுவரோரம் வைத்தாள்.

“நான் உடைக்கலீங்கண்ணா. நீங்க வெறுங்காலோட ஊத்த வர்ற அன்னிக்கு உடைச்சுப் பார்த்துக்கலாம்.”