முயலின் ரத்தத்தில் நாலு இருக்கை

கருவேலங்காட்டில் ஒரு முயல் இருந்தது. அதன் காதில் ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மழைநாள் காலையில் முயலை நரி துரத்தியது. முயல் கரிமூட்டத்தை ஒட்டிய பள்ளத்துக்குள் பாய்ந்தது. கரிமூட்டம் என்றால் தெரியும்தானே? விறகை அடுக்கி, மண் பூசி, புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். பள்ளத்தின் மேல் தகரம் கிடந்ததால் உள்ளே நல்ல கதகதப்பு. புகை நாற்றத்தில் நரிக்கு மோப்பம் பிடிபடவில்லை. அது வெளியே காத்திருந்தது.

"அப்பாடா! மழை விடும்வரை இங்கேயே கிடக்கிறேன்" என்றது முயல்.

கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. கண் சொக்கியது.

"ஏய், வெளியே ஓடு!" என்று கத்தியது உண்ணி.

"போடி! வெளியே நரி இருக்கு. என் காது எப்படிச் சிவந்திருக்கு பார்! எனக்கு ஒன்றுமில்லை."

"அந்தச் சிவப்பை நம்பாதே! உன் ரத்தத்தைத் தினமும் குடிக்கிறவள் சொல்கிறேன். அதில் ஹீமோகுளோபின் என்று ஒரு வண்டி ஓடுது. அதில் நாலு இருக்கை. நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏறும். முதல் ஆள் ஏறத்தான் தயங்குவான். அவன் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் மளமளவென்று ஏறிவிடுவார்கள். ஓடிச் சூடான காலுக்கு வந்ததும் இறங்கிவிடுவார்கள். அதனால்தான் நீ ஓடுகிறாய்!"

"அதற்கு இப்போ என்ன?"

"இந்தப் புகையில் ஒரு விஷக்காற்று இருக்கு. ஏறினால் லேசில் இறங்காது! கூட இருக்கும் ஆக்ஸிஜனையும் இறங்க விடாது. வண்டி சிவப்பாகத்தான் ஓடும். உன் காலுக்குத்தான் ஒன்றும் கிடைக்காது."

"நீ மட்டும் இறங்கினாயாக்கும்! எத்தனை நாளாக என் காதில் தொங்குகிறாய்?"

உண்ணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கே, எழுந்து நில் பார்ப்போம்!"

முயல் எழுந்தது. கால் மடங்கியது. "ஐயோ, என் கால்!" என்று அலறியது.

உண்ணி 'சுருக்'கென்று ஒரு கடி கடித்தது. வலி தாளாமல் முயல் வெளியே பாய்ந்து, தட்டுத் தடுமாறி முள் புதருக்குள் விழுந்தது. நரியும் பாய்ந்தது. மூக்கில் முள் குத்தியதுதான் மிச்சம்.

புதருக்குள் நல்ல காற்று. முயல் மூச்சு மூச்சாக இழுத்தது. விஷக்காற்று இறங்கி ஒவ்வோர் இருக்கையாகக் காலியாக, சாயங்காலத்துக்குள் காலில் தெம்பு வந்தது.

நரியோ குளிரில் நடுங்கியது. "எங்கே போய்விடும்? அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று உள்ளே போய்ப் படுத்தது. கதகதப்பாக இருந்தது. கண் சொக்கியது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

"எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. இறங்குகிறேன்" என்றது உண்ணி.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயேன்!" என்றது முயல்.

"ஊஹூம்" என்று சொல்லிப் புல்லில் விழுந்தது உண்ணி.

இறங்க வேண்டிய இடத்தில் இறங்காதவன், தான் ஏறிய வண்டியையே கவிழ்த்துவிடுவான்.