ஊறுகாய்ச் சட்டம்

மருதவேலி நாட்டுக்கு ஓலை அங்காடி வந்தாலும் வந்தது, சனங்களின் கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. வேண்டியதை ஓலையில் எழுதி அனுப்பினால் போதும், அங்காடிக்காரர் சொக்கநாதரின் வண்டி வாசலில் இறக்கிவிட்டுப் போகும். விற்பவர்கள் மருதவேலியோடு சேர்த்து எட்டு நாட்டிலும் இருந்தார்கள். சீக்கிரம் கொண்டுசேர்க்க வேண்டுமே என்று சொக்கநாதர் விற்பவர்களின் சரக்கை முன்கூட்டியே வரவழைத்து, நாட்டுக்கு நாடு தம் கிடங்குகளில் வைத்திருந்தார்.

ஒருநாள் வரி அதிகாரி ஏகாம்பரம் கிடங்குக்குள் நுழைந்தார். பாறைநாட்டு ஆவுடையம்மாளின் எலுமிச்சை ஊறுகாய், நாற்பது ஜாடி! கண் விரிந்தது. அன்றே ஒரு சட்டம் எழுதி, அரசர் வீரகேசரியின் முத்திரையையும் வாங்கிவிட்டார்.

'சரக்கு எங்கே இருக்கிறதோ, அதன் சொந்தக்காரரும் அங்கேயே இருப்பதாகக் கொள்ளப்படும். பௌர்ணமிதோறும் நேரில் வந்து வரி கட்ட வேண்டும். தவறினால் சரக்கு பறிமுதல்.'

மற்ற ஏழு நாடுகளும் ஆசை ஆசையாக அதை நகல் எடுத்துக்கொண்டன.

ஏழு நாள் மாட்டுவண்டியில் குலுங்கி ஆவுடையம்மாள் சபைக்கு வந்து சேர்ந்தபோது, பௌர்ணமி போய் இரண்டு நாள். ஜாடிகளைப் பூட்டி முத்திரை வைத்தாயிற்று.

"ஐயா, வர ஏழு நாள், போக ஏழு நாள். எட்டு நாட்டுக்கும் இப்படி ஓடினால் பழத்தை எப்போ நறுக்குவேன்? அந்த நாற்பது ஜாடிதான் என் வருஷப் பிழைப்பு!"

"நீதான் ஏற்கெனவே இங்கே இருக்கிறாயே அம்மா, வண்டி எதற்கு?" என்றார் ஏகாம்பரம்.

அப்போதுதான் உள்ளே வந்தார் அரசவை விகடகவி சடையாண்டி. அரசரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வடக்குச் சன்னலுக்குப் போய், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராஜா வாழ்க!"

"சடையாண்டி! நான் இங்கே இருக்கிறேன்!"

"யாரய்யா அது, சிம்மாசனத்தில்? இறங்கு, இறங்கு! மகாராஜா பார்த்தால் தோலை உரித்துவிடுவார்."

சடையாண்டி எழுந்து சன்னலுக்கு வெளியே வடக்கே கை நீட்டினார்.

"மகாராஜா பாறைநாட்டில் அல்லவா இருக்கிறார்! அரண்மனைத் தோட்டத்து மாம்பழம் மூன்று கூடை அங்காடி வழியாக விற்கப் போனதே, அது அங்கே கிடங்கில்தானே இருக்கிறது? இதோ, அவர்கள் குதிரையில் அனுப்பிய ஓலை. பௌர்ணமிக்கு மகாராஜா வரி கட்ட வரவில்லையாம். செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்க வேண்டுமாம். முன்னால் அப்பள வியாபாரி, பின்னால் துடைப்ப வியாபாரி."

அரசர் மெதுவாக ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "என்ன செய்யலாம்?"

"வெயிலுக்கு... குடை பிடிக்க இரண்டு ஆள் அனுப்பலாம் அரசே."

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சடையாண்டி, நீர் சொல்லும்!"

"விற்கிற காசு முதலில் சொக்கநாதர் கைக்குத்தானே வருகிறது? வாங்குகிறவர் எந்த நாட்டாரோ, அந்த நாட்டு வரியைச் சொக்கநாதரே பிடித்துக் கட்டட்டும். எட்டு நாட்டிலும் அவருக்கு ஆள் இருக்கிறது. இந்தம்மா ஊறுகாய் போடட்டும்."

அப்படியே ஆணை பிறந்தது. ஜாடிகளின் முத்திரை உடைந்தது. ஆவுடையம்மாள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பழைய சட்டத்தை இப்போதே கிழித்து எறிகிறேன்! சடையாண்டி, உமக்கு என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"அந்தச் சட்டம் சாயங்காலம் வரை இருக்கட்டும் அரசே, அது போதும்."

"ஏன்?"

"மத்தியானமே வீட்டில் இருக்க வேண்டும் என்று சம்சாரம் உத்தரவு. தலைப்பாகையை அனுப்பிவைத்துவிட்டேன்."